பேய்க்கதைக்கு இரும்புப் பெட்டி

1988-ம் வருஷம். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் பழைய சாமான்கள் விற்கும் ஒரு கொட்டகைக்குள் ஓர் ஆசாமி நுழைந்தார். அங்கே விவசாயத் துண்டுப் பிரசுரங்கள் ஒரு குவியலாகக் கிடந்தன. அந்தக் குவியலுக்குள் ஓர் ஒல்லியான பழைய புத்தகம் அகப்பட்டது. மொத்தம் 40 பக்கம் இருந்தால் அதிகம். விலை 15 டாலர். கொடுத்தார், வாங்கினார், வீட்டுக்குப் போனார்.

அதே வருஷம் ஸதபீஸ் என்ற ஏலக் கம்பெனி அந்தப் புத்தகத்தை ஏலம் விட்டது. போன விலை 1,98,000 டாலர்!

அடேயப்பா, அதில் அப்படி என்ன இருந்தது என்று கேட்பீர்கள். கவிதை. அதுவும் 18 வயதுப் பையன் எழுதிய கவிதை. அட்டையில் அவன் பெயர்கூட இல்லை. 'ஒரு பாஸ்டன்வாசி' எழுதியது என்று மட்டும் போட்டிருந்தது. 1827-ல் சுமார் 50 பிரதிகள் அச்சிட்டிருப்பார்கள் என்று ஊகம். இன்று உலகத்தில் இருப்பதாகத் தெரிந்தவை ஒரு டஜன். அந்தப் பையன்தான் பின்னாளில் எட்கார் ஆலன் போ என்ற பெயரில், படித்தவர்களை ராத்திரி விளக்கை அணைக்க விடாமல் செய்தவர். பயங்கரக் கதைக்குப் பிதாமகர்.

பயங்கரக் கதைப் புத்தகங்களில் ஆசிரியர் கையெழுத்திட்ட பிரதி, எண்ணி இத்தனைதான் என்று அச்சிட்ட பிரதி, அந்தக் காலத்துப் பேய்க் காமிக்ஸ் இவற்றைத் தேடித் தேடிச் சேர்ப்பவர்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ஏராளம். ஒரு நல்ல பொழுதுபோக்கு என்று நான் சொல்கிறேன். அவர்கள் வீட்டுப் பெண்களைக் கேட்டால் வேறு பெயர் சொல்லக்கூடும். இருக்கட்டும். இந்த வியாபாரத்துக்கு முதல் போட்டவர்கள் யார் தெரியுமா? பணக்காரர்கள் அல்ல, புத்தகக் கடைக்காரர்களும் அல்ல. வீட்டைச் சுத்தம் செய்த தாய்மார்கள்தாம்!

வேடிக்கைக்குச் சொல்லவில்லை. கேளுங்கள்.

நியூயார்க்கில் வில்லியம் கெயின்ஸ் என்று ஓர் இளைஞர் இருந்தார். 1947-ல் தகப்பனார் படகு விபத்தில் இறந்துபோக, ஈ.சி. என்ற காமிக்ஸ் கம்பெனி இவர் தலையில் விழுந்தது. தகப்பனார் பைபிள் கதைகளைப் படக்கதையாகப் போட்டவர். பிள்ளை 1950-ல் வேறு வழியில் போனார். கல்லறைக் கதைகள், நிலவறைப் பயங்கரம், பேய் உலாவும் இடம் என்று பொருள்படும் தலைப்புகளில் மூன்று பத்திரிகைகள்! பிரதி ஒன்று 10 சென்ட். பையன்கள் பள்ளிக்கூடத்துச் சில்லறையைக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். லட்சக்கணக்கில் விற்றது.

படம் போட்டவர்கள் சாமானியர்கள் அல்ல. கிரஹாம் இங்கெல்ஸ் என்பவர் அழுகிய பிணம் வரைவதில் மன்னர். தம் பெயருக்குப் பதிலாக, 'கோரம்' என்று அர்த்தம் தரும் ஓர் இங்கிலீஷ் வார்த்தையையே படத்தின் கீழே கையெழுத்தாகப் போட்டுக்கொள்வார். இந்த ஆண்களுக்கு நடுவே வர்ணம் தீட்டும் வேலைக்கு ஒரு பெண்ணும் இருந்தார். மேரி ஸெவரின் என்று பெயர். ரத்தம் சொட்டும் கட்டம் ரொம்பவும் அத்துமீறிப் போகிறது என்று பட்டால் அந்த அம்மாள் என்ன செய்வாராம், கட்டம் முழுவதும் கருநீலத்தைப் பூசிவிடுவாராம். கதை புரியும், கண்ணில் உறுத்தாது. வீட்டில் குழந்தைகள் முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லியும் சொல்லாமலும் சொல்கிறோமே, அந்த மாதிரி. சேகரிப்பவர்கள் இன்று அந்த நீலக் கட்டங்களைத் தனியாகத் தேடிப் பார்த்து ரசிக்கிறார்கள்.

ஆனால் எல்லாக் கட்டத்துக்கும் நீலம் போதவில்லை. அமெரிக்கப் பெற்றோர்கள் கொதித்து எழுந்தார்கள். ஈ.சி. பேய்கள் வருவதற்கு முன்பே காமிக்ஸ் மீது கோபம் ஆரம்பித்திருந்தது. மேற்கு வர்ஜீனியாவில் ஸ்பென்ஸர் என்ற ஊரில் 1948-ல் பள்ளிக் குழந்தைகளே வீடு வீடாகப் போய்ச் சுமார் 2,000 காமிக்ஸ் சேகரித்து, பள்ளிக்கூட மைதானத்தில் குவித்து நெருப்பு வைத்தார்கள். மற்ற ஊர்களிலும் இந்த மாதிரி சொக்கப்பானை கொளுத்தினார்கள். 1954-ல் டாக்டர் ஃபிரெடரிக் வெர்தாம் என்ற மனோதத்துவ நிபுணர், குழந்தைகள் கெட்டுப்போவதற்குக் காமிக்ஸே காரணம் என்று ஒரு புத்தகம் எழுதினார். அதே வருஷம் ஏப்ரல் மாதம் அமெரிக்க ஸெனட் சபையின் கமிட்டி ஒன்று நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. கெயின்ஸ் தாமாகவே சாட்சி சொல்லப் போனார்.

ஸெனட்டர் கீஃபாவர் ஓர் அட்டைப் படத்தைத் தூக்கிக் காட்டினார். ஒரு கையில் கோடாரி, இன்னொரு கையில் ஒரு பெண்ணின் வெட்டுண்ட தலை. "இது நல்ல ரசனையா?" என்று கேட்டார். பயங்கரக் காமிக்ஸ் அட்டைக்கு இது நல்ல ரசனைதான் என்று கெயின்ஸ் பதில் சொன்னார். தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து, கழுத்திலிருந்து ரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால்தான் கெட்ட ரசனையாம்! அந்த ஒரு பதிலோடு ஆட்டம் முடிந்தது. காமிக்ஸ் முதலாளிகள் கூடித் தங்களுக்குத் தாங்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்கள். தலைப்பில் 'பயங்கரம்', 'பீதி' என்ற வார்த்தைகள் வரக்கூடாது. ரத்தக் காட்டேரி கூடாது. நடமாடும் பிணம் கூடாது. கெயின்ஸ் தம் பேய்களுக்கு விடை கொடுத்து அனுப்பினார். இங்கிலாந்திலும் 1955-ல் இதற்கென்றே பார்லிமெண்டில் ஒரு சட்டம் நிறைவேறியது.

அந்த அட்டைப் படத்தைப் பார்த்தவர்கள் யாரும் அந்தத் தாய்மார்களைக் குறை சொல்ல மாட்டார்கள். நானும் சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டர் வெர்தாம் விஷயம் வேறு. 2012-ல் கேரல் டில்லி என்ற நூலகவியல் பேராசிரியை, அவருடைய பழைய குறிப்புகளை வாஷிங்டனில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். குழந்தைகள் சொன்னதை டாக்டர் இஷ்டத்துக்கு மாற்றியும் கூட்டியும் குறைத்தும் புத்தகத்தில் போட்டிருக்கிறார் என்று ஆதாரத்தோடு எழுதினார். காமிக்ஸ் முதலாளிகள் போட்டுக்கொண்ட அந்தச் சட்டமும் 2011-ம் வருஷத்தோடு கேட்பாரற்று மறைந்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். லட்சக்கணக்கில் அச்சான பத்திரிகை. மட்டக் காகிதம், சில வருஷங்களில் பழுத்துப் பொடியும் ரகம். பாதியைப் பையன்களே கிழித்தார்கள். மீதியில் நெருப்புக்குப் போனது போக, கட்டிலுக்கு அடியில் கிடந்ததை அம்மா வாரிக் குப்பையில் போட்டாள். பையன் வளர்ந்து, உத்தியோகம் பார்த்து, தலை நரைத்து, சிறு வயதில் போர்வைக்குள் டார்ச் விளக்கு வைத்துப் படித்த அந்த இதழைத் திரும்பப் பார்க்க ஆசைப்படுகிறான். கிடைக்கவில்லை. கிடைத்தால் என்ன விலையும் கொடுக்கத் தயார். எல்லா அம்மாக்களும் பத்திரமாக எடுத்து வைத்திருந்தால் இன்று அது பத்து ரூபாய் பெறாது!

ஒருவர் மட்டும் எடுத்து வைத்திருந்தார். சாட்சிக் கூண்டில் நின்ற அதே கெயின்ஸ். ஒவ்வோர் இதழும் அச்சாகி வந்ததும் ஏறக்குறைய ஒரு டஜன் பிரதியைத் தனியாகக் கட்டிப் பத்திரப்படுத்தும் பழக்கம் அவருக்கு இருந்தது. மனித கரம் புரட்டாத பிரதிகள். சுமார் 40 வருஷம் அவை கட்டுக் கட்டாகத் தூங்கின. 1990-களின் ஆரம்பத்தில் ரஸ் காக்ரன் என்ற ரசிகர் மூலம் வெளியே வந்தபோது, சேகரிப்பவர்கள் கல்யாண வீட்டில் பந்திக்கு முந்துவதுபோல் முந்தினார்கள். 'கெயின்ஸ் கட்டு' என்றால் இன்றும் தனி மரியாதை, தனி விலை.

மரியாதை என்றேனே, அது எந்த அளவுக்குப் போயிருக்கிறது தெரியுமா? 2000-ம் வருஷம் அமெரிக்காவில் ஸி.ஜி.ஸி. என்று ஒரு கம்பெனி தோன்றியது. உங்கள் காமிக்ஸை அனுப்பினால் அதற்கு 10-க்கு இத்தனை என்று மார்க் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி, மேலே லேபிள் ஒட்டித் திருப்பி அனுப்பும். ஓவியரோ ஆசிரியரோ கையெழுத்துப் போடும்போது கம்பெனியின் ஆள் பக்கத்தில் நின்று கண்ணால் பார்த்திருந்தால், லேபிள் மஞ்சள் நிறம். மஞ்சள் லேபிள் என்றால் கையெழுத்து அசல் என்பதற்கு அத்தாட்சி. எல்லாம் சரி. ஆனால் பெட்டியை உடைத்தால் மார்க்கும் போச்சு, அத்தாட்சியும் போச்சு. எனவே யாரும் உடைப்பதில்லை. அதாவது, ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய கதையை வாங்கியவர் படிக்க முடியாது! பட்டுப்புடவையை வாங்கிக் கடைக்காரர் கட்டிக்கொடுத்த பெட்டியோடு பீரோவில் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் பெட்டியைக் காட்டுவது போல. எனக்கு இது மனசுக்கு ஒட்டவில்லை. ஒட்டுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

காமிக்ஸை விட்டுப் புத்தகத்துக்கு வருவோம். 'இத்தனை பிரதிதான்' என்று அச்சிடும் வழக்கம் இந்தத் துறையில் ஏற்பட்டதற்கு லாப ஆசை காரணமல்ல. இரண்டு சிநேகிதர்களின் விசுவாசம் காரணம்.

ராட் ஐலண்டு மாகாணத்தில் பிராவிடன்ஸ் என்ற ஊரில் எச்.பி. லவ்கிராஃப்ட் என்று ஒரு பயங்கரக் கதாசிரியர். வாழ்நாளெல்லாம் மட்டக் காகிதப் பத்திரிகைகளில் எழுதி, பட்டினியும் பற்றாக்குறையுமாகக் காலம் தள்ளினார். அவர் உயிரோடு இருந்தபோது புத்தகமாக வந்த கதை ஒன்றே ஒன்று. 1936-ல் வந்த அதிலும் அச்சுப் பிழை மலிந்து, பிழைதிருத்தம் தனியாக அச்சிட்டு வைக்க வேண்டியதாயிற்று. சுமார் 200 பிரதிதான் பைண்டு ஆயிற்று. மறு வருஷம் மார்ச் மாதம், 46-வது வயதில் அவர் காலமானார்.

ஆகஸ்ட் டெர்லெத், டொனால்ட் வாண்ட்ரீ என்ற இரண்டு இளம் எழுத்தாளர்கள் அவருடைய சிநேகிதர்கள். கதைகளைத் தொகுத்துக்கொண்டு நியூயார்க்கின் பெரிய பிரசுராலயங்களின் படி ஏறினார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். டெர்லெத் அந்தச் சமயம் விஸ்கான்ஸின் மாகாணத்தில் ஸாக் ஸிட்டி என்ற சொந்த ஊரில் வீடு கட்ட பாங்கில் கடன் வாங்கியிருந்தார். அந்தக் கடனில் ஒரு பகுதியை எடுத்து அச்சுக் கூலிக்குக் கொடுத்தார்! வீட்டுக்கடனில் புத்தகம் போடுகிற கணவர் நம் வீட்டில் இருந்தால் என்ன கேட்போம் என்பது எனக்குத் தெரியும். 1939-ல் புத்தகம் வந்தது. 1,268 பிரதிகள். விலை 5 டாலர்; முன்பணம் கட்டுகிறவர்களுக்கு மூன்றரை டாலர். முன்பணம் அனுப்பியவர்கள் சுமார் 150 பேர்தாம். அத்தனையும் விற்றுத்தீர நாலு வருஷம் பிடித்தது. அதற்காக அவர்கள் ஏற்படுத்திய 'ஆர்க்கம் ஹவுஸ்' என்ற பிரசுராலயம் நிலைத்துவிட்டது. ரே பிராட்பரியின் முதல் புத்தகத்தை 1947-ல் வெளியிட்டதும் அதுதான். அந்த 5 டாலர் புத்தகம் இன்று ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறுகிறது. கையில் இருப்பவர்கள் அதைத் திறந்து படிக்கவும் படிக்கிறார்கள் என்று நம்புவோமாக.

இனி, குப்பைக் கூடைக்கு நேர் எதிர்த்திசையில் கை நீட்டிய ஓர் அம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஸ்டீபன் கிங் பெயரை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். 1970-களின் தொடக்கத்தில் அவர் மேய்ன் மாகாணத்தில் பள்ளி வாத்தியார். மனைவி, இரண்டு குழந்தைகளோடு சக்கரம் வைத்த வண்டி வீடு ஒன்றில் குடித்தனம். டெலிபோன் கட்டணம் கட்ட முடியாமல் அந்தக் கருவியையே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் மற்றப் பெண்கள் கேலி செய்து வதைக்கும் ஓர் ஏழைப் பெண்ணைப் பற்றி ஒரு கதை ஆரம்பித்தார். இரண்டு மூன்று பக்கம் எழுதியதும், பெண்களின் மனசு எனக்கு எங்கே தெரியப்போகிறது என்று கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டார். மனைவி டபிதா கூடையைக் காலி செய்யும்போது பார்த்தார். காகிதத்தை எடுத்து, சிகரெட் சாம்பலைத் தட்டி, சுருக்கம் நீவிப் படித்தார். இதை எழுதுங்கள், பெண்கள் சமாசாரத்துக்கு நான் உதவி செய்கிறேன் என்றார்.

அந்தக் கதைதான் 1974-ல் வெளிவந்த 'காரி'. பிரசுரகர்த்தர் கொடுத்த முன்பணம் 2,500 டாலர். மலிவுப் பதிப்பு உரிமை மட்டும் 4,00,000 டாலருக்குப் போயிற்று, பாதி ஆசிரியருக்கு. செய்தி வந்த அன்று மனைவிக்கு ஏதாவது வாங்க வேண்டும் என்று கிங் கடைவீதிக்கு ஓடினார். ஞாயிற்றுக்கிழமை; ஒரு மருந்துக் கடைதான் திறந்திருந்தது. அங்கே கிடைத்த உசத்தியான சாமான், தலைமுடி உலர்த்தும் மின்சாரக் கருவி! அதை வாங்கிக்கொண்டு வந்தாராம்.

'காரி'யின் முதல் அச்சுப் பிரதி உங்கள் கையில் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு ரகசியம் இருக்கிறது. 199-ம் பக்கத்தைத் திருப்பி, தையலோரமாக உற்றுப் பாருங்கள். 'பி 6' என்று பொடி எழுத்தில் இருக்க வேண்டும். துப்பறியும் வேலை மாதிரி இல்லை? அடுத்த வருஷம் வந்த அவருடைய ரத்தக் காட்டேரி நாவலில் இதைவிடச் சுவாரஸ்யம். அந்தப் புத்தகத்தின் மேலுறை உள்மடிப்பில் கதைச் சுருக்கம் எழுதியவர், பாதிரியார் பெயரைக் காலஹன் என்று போடுவதற்குப் பதில் காடி என்று போட்டுவிட்டார். கதையில் காடி என்பவர் டாக்டர்! விலையையும் 8.95 டாலர் என்று அச்சிட்டுவிட்டு, கடைசி நிமிஷத்தில் 7.95 ஆக்கினார்கள். எனவே பிரதிகளின் மேலுறையில் பழைய விலையின் மூலையைக் கத்தரித்து, புதுவிலையை அச்சிட்டார்கள். கத்தரிக்குத் தப்பிய பிரதிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். டாக்டரைப் பாதிரியாராக்கிய தவறும், ஒரு டாலர் கூடுதல் விலையும் சேர்ந்து ஒரு மேலுறையில் இருந்தால், உரியவர் அதை வங்கிப் பெட்டகத்தில்தான் வைத்திருப்பார்.

மேலுறை என்றதும் ஒன்று. அந்த ஊரில் புத்தகத்தைப் பரிசு கொடுக்கும்போது விலை தெரியக்கூடாது என்று மூலையைக் கத்தரிப்பது மரியாதை. அந்த மரியாதையே பின்னால் விலையைக் குறைத்துவிடுகிறது. மேலுறையே இல்லாவிட்டால், முதல் பதிப்பானாலும் மதிப்பில் பெரும்பங்கு பறந்துவிடும். நம் வீடுகளில் தொடர்கதையைக் கிழித்து பைண்டு பண்ணும்போது அட்டைப்படத்தை முதலில் எறிந்துவிடுகிறோமே, சேகரிப்பவர் கண்ணில் பட்டால் ரத்தக் கண்ணீர் வடிப்பார்.

கிங் புகழ் ஏற ஏற, சின்னச் சின்னப் பிரசுரகர்த்தர்கள் அவருடைய புத்தகத்தை உயர்ந்த காகிதத்தில், ஓவியங்களோடு, எண்ணிக்கை குறித்து வெளியிட ஆரம்பித்தார்கள். 1982-ல் டொனால்ட் கிராண்ட் என்பவர் போட்ட நாவல் ஒன்று 10,000 பிரதி. அதைத் தவிர ஆசிரியரும் ஓவியரும் கையெழுத்திட்டவை 500. சாதாரண வாசகர்களுக்கு இப்படி ஒரு புத்தகம் இருப்பதே தெரியாது. மறு வருஷம் வேறொரு நாவலின் முகப்பில், இதே ஆசிரியரின் நூல்கள் என்ற ஜாபிதாவில் அந்தப் பெயரும் வந்துவிட்டது. வந்ததே வினை! எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்கும் என்று கடிதங்கள் குவிந்தன. 1984-ல் இன்னொரு 10,000 அச்சிட வேண்டியதாயிற்று.

அவருடைய மகள் நவோமிக்கு அப்பாவின் பேய்க்கதைகள் பிடிக்காது. அவளுக்காக ராஜா, ராஜகுமாரன், மந்திரவாதி வரும் கதை ஒன்று எழுதினார். 1984-ல் தம் சொந்தப் பிரசுராலயத்தில் 1,250 பிரதி அச்சிட்டுக் கையெழுத்துப் போட்டார். 1,000 பிரதிக்குக் கறுப்பு மையில் எண். அன்பளிப்புக்கு வைத்துக்கொண்ட 250-க்குச் சிவப்பு மையில். சில வருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்துக்குப் பதிலாகச் சிநேகிதர்களுக்கு ஒரு தொடர்கதையின் பகுதிகளை அச்சிட்டு அனுப்பியதும் உண்டு. ஒவ்வொரு பகுதியும் 226 பிரதி. மூன்று பகுதியோடு அந்த அச்சு வரிசையை நிறுத்திவிட்டார்.

இந்தப் பைண்டுகளில் நடந்த கூத்தைச் சொல்லாமல் விட முடியாது. ரே பிராட்பரி, புத்தகங்களைக் கொளுத்தும் ராஜ்யத்தைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1953-ல் தீப்பிடிக்காத ஆஸ்பெஸ்டாஸில் அட்டை போட்டு 200 பிரதி கையெழுத்திட்டார். 1980-ல் கிங், நினைத்த மாத்திரத்தில் நெருப்பு மூட்டும் ஒரு சிறுமியின் கதையை எழுதினார். அதற்கும் 26 பிரதி ஆஸ்பெஸ்டாஸில்! 26 என்பது இங்கிலீஷ் அரிச்சுவடிக் கணக்கு. எண்ணுக்குப் பதில் பிரதிக்கு ஓர் எழுத்து. அந்தத் தூள் நுரையீரலுக்கு விஷம் என்பது ஊரறிந்த விஷயம். பேய் பிடிக்காவிட்டாலும் இருமல் பிடிக்கும்.

அரிச்சுவடிப் பிரதி என்றால் தோல் பைண்டு, தனிப் பெட்டி, தனி விலை. எண்ணிட்ட பிரதிகள் அதற்குக் கீழே. இன்று அமெரிக்காவில் இதையே தொழிலாகச் செய்யும் பிரசுராலயங்கள் பல இருக்கின்றன. 1988-ல் ஒரு பத்திரிகையாக ஆரம்பித்த 'ஸெமட்டரி டான்ஸ்' அவற்றில் பேர்போனது. பெயருக்கு 'மயான நடனம்' என்று பொருள். இவர்கள் கையெழுத்து வாங்கும் முறை தெரிந்தால் சிலருக்குச் சப்பென்று போய்விடும். ஆசிரியர் புத்தகத்தைக் கையில் எடுத்துக் கையெழுத்துப் போடுவது இல்லை. எத்தனையாவது பிரதி என்று எண் குறிக்கும் பக்கத்தை மட்டும் தனித்தாளாக அச்சிட்டு, நூற்றுக்கணக்கில் பெட்டியில் வைத்து அவர் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அவர் மணிக்கட்டு வலிக்க வலிக்கப் போட்டுத் திருப்பி அனுப்புகிறார். அப்புறம்தான் அந்தத் தாளைச் சேர்த்து பைண்டு செய்கிறார்கள். உங்கள் பிரதியை ஆசிரியர் தொட்டதே இல்லை. ஒரு தாளைத் தொட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

இதில் ஏமாற்றம் ஒன்றும் இல்லை. காகிதமும் பைண்டும் ஓவியமும் பல புத்தகங்களில் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கின்றன. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஈ.சி. காமிக்ஸ் அரிதானது, எல்லோரும் எறிந்ததால். இந்தப் புத்தகங்கள் பிறக்கும்போதே அரிது. ஒருவரும் எறிய மாட்டார்கள். 500 பேர் வாங்கினால் 500 பேரும் பிளாஸ்டிக் உறை போட்டுப் பூட்டி வைக்கிறார்கள். இருபது வருஷம் கழித்து விற்கலாம் என்று வாங்குகிறவர், அதே எண்ணத்தோடு இன்னும் 499 பேர் காத்திருப்பதை மறந்துவிடக்கூடாது. பிடித்த ஆசிரியர் என்றால் வாங்கலாம். மகள் கல்யாணத்துக்கு ஆகும் என்று வாங்க வேண்டாம்.

உங்கள் பிள்ளையோ பெண்ணோ வெளிநாட்டிலிருந்து இப்படி ஒன்று வாங்கப்போகிறேன் என்று எழுதினால், இரண்டொரு விஷயம் கேட்டு எழுதுங்கள். கையெழுத்து எந்தச் சந்தர்ப்பத்தில் வாங்கியது, யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது? பெரிய ஆசிரியர்களின் கையெழுத்தைப் போலியாகப் போடுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். கையெழுத்தை அப்படியே எழுதும் இயந்திரமும் இருக்கிறது. அத்தாட்சிப் பத்திரம் என்பது அதைக் கொடுத்தவரின் நாணயம் எவ்வளவோ அவ்வளவுதான். புத்தக கிளப் பதிப்பு என்று ஒன்று உண்டு. பார்வைக்கு முதல் பதிப்பு போலவே இருக்கும், மேலுறையில் விலை மட்டும் இருக்காது. அதை முதல் பதிப்பு என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் வெயில், ஈரம், பூச்சி. நம் ஊர் மழைக்காலத்தில் தோல் பைண்டுக்குப் பூசணம் பூக்க ஒரு மாதம் தாராளமாகப் போதும்.

வெறும் கையெழுத்தைவிட, இன்னாருக்கு என்று பெயர் எழுதிக் கொடுத்த பிரதி குறைந்த விலைக்குத்தான் போகும் என்று வியாபாரிகள் சொல்லுவார்கள். அந்த 'இன்னார்' யார் என்பதைப் பொறுத்தது அது.

1816-ம் வருஷம் கோடையில் ஜினீவா ஏரிக்கரையில் மழை விடாமல் கொட்டியது. வீட்டுக்குள் அடைபட்ட கவி பைரன், ஆளுக்கு ஒரு பேய்க்கதை எழுதுவோம் என்று பந்தயம் வைத்தார். கூட இருந்தவர்களில் மேரி என்ற 18 வயதுப் பெண்ணும் ஒருவர். அவர் எழுதியதுதான் 'ஃபிராங்கன்ஸ்டைன்'. 1818 ஜனவரியில், ஆசிரியர் பெயர் இல்லாமல், மூன்று பாகமாக, 500 பிரதி அச்சாயிற்று. முன்னுரை கணவர் ஷெல்லி எழுதியதால், கதையும் அவருடையதே என்று பலர் நினைத்தார்கள். ஒரு பெண் எழுதியிருப்பாள் என்று யாருக்குத் தோன்றும்? அந்த 500-ல் ஒரு பிரதி 2021 செப்டம்பரில் நியூயார்க்கில் பதினொரு லட்சத்து எழுபதாயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. ஒரு பெண் எழுதி அச்சான புத்தகத்துக்கு அதுவரை ஏலத்தில் யாரும் கொடுக்காத விலை.

பந்தயம் வைத்த பைரனுக்கு மேரி ஒரு பிரதி கொடுத்தார். ஆசிரியரிடமிருந்து என்று எழுதினாரே தவிர, பெயர் எழுதவில்லை. அதன் முதல் பாகம் மட்டும் 2011-ல் இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தின் புத்தக அலமாரியில், பேரப்பிள்ளை ஒருவர் தாத்தாவின் காகிதங்களை ஆராயும்போது அகப்பட்டது. இத்தனை வருஷம் அது அங்கே சும்மா இருந்திருக்கிறது.

இன்னொரு பிரதியின் கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1822-ல் ஷெல்லி கடலில் மூழ்கி இறந்துபோனார். மேரி, சிறு குழந்தையாக இருந்த ஒரே மகனோடு இத்தாலியில் ஜெனோவா நகரத்தில் தங்கினார். மறு வருஷம் இங்கிலாந்துக்குக் கிளம்புமுன், அங்கே பழக்கமான மிஸஸ் தாமஸ் என்ற அம்மாளுக்கு 'ஃபிராங்கன்ஸ்டைன்' பிரதி ஒன்றை நினைவாகக் கொடுத்தார். அது அவர் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த பிரதி. ஓரங்களில் அடித்தும் சேர்த்தும் கைப்படத் திருத்தியிருந்தார். மறுபதிப்பு என்று ஒன்று வந்தால் முதல் இரண்டு அத்தியாயங்களையும் புதிதாக எழுதுவேன் என்றுகூட ஒரு குறிப்பு எழுதியிருந்தார்.

அந்தப் பிரதி இப்போது நியூயார்க்கில் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. 1831-ல், கதையைத் திருத்திப் புதுப் பதிப்பு கொண்டுவர மேரி உட்கார்ந்தபோது, பழைய திருத்தங்கள் கையில் இல்லை. எல்லாம் மிஸஸ் தாமஸிடம் இருந்தன.